முயல் விட்ட மாப்பிள்ளை

முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்: அந்த நாயின் மேல் ஒரு குற்றமும் இல்லை. இதை நான் எழுத்தில் ஒப்புக்கொள்வது இதுதான் முதல் தடவை. குற்றம் முழுவதும் மற்றவர்களுடையது. நாயை விற்ற கிழவர், இணையத்தில் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளும் நாய்ப் பண்டிதர்கள், என் மனைவி, அவளுடைய அண்ணன், வேலிக்கு அப்பால் விட்டும் திரும்பி வந்த முயல்கள். (என் பங்கும் கொஞ்சம் உண்டு என்று வீட்டில் சொல்வார்கள். வீட்டில் எதைத்தான் சொல்லமாட்டார்கள்?)

என் மனைவி வதனியின் அண்ணன் குகன். எனக்கு மச்சான். படகில் அகதியாக இந்த நாட்டுக்கு வந்து, பத்து வருடத்துக்கு மேல் தற்காலிக விசாவில் காளான் பண்ணையிலும் அலுவலகக் கந்தோர்கள் கூட்டித் துடைக்கிற வேலையிலும் கிடந்தவர். கடைசியாகத் தனக்கென்று ஒன்றைத் தொடங்கினார். வின்ட்சருக்கு அப்பால் ஓர் ஓடைக் கரையில் ஐந்து ஏக்கர் காணியைக் குத்தகைக்கு எடுத்துப் பயற்றங்காய், வெண்டி, கீரை, பூசணி என்று போட்டார். முதல் கோடையில் பயற்றங் கன்றுகள் ஒன்று விடாமல் முயலுக்குப் போயின. ஓடைக் கரை முட்பற்றைக்குள் அவை குடும்பம் குடும்பமாக இருந்தன. காணிக்காரர் சுட்டாலும் சரி, நாய் விட்டாலும் சரி, எப்படியாவது ஒழித்தால் போதும் என்று சொல்லிவிட்டார்.

மச்சான் காணியைச் சுற்றிக் கம்பி வலை அடிக்கப் போகிறேன் என்றார். அவரை நான்தான் தடுத்தேன். தடுத்ததோடு நிற்காமல் சிரிக்கவும் செய்தேன்.

"வலையோ? உந்தப் பெரிய காணிக்கு வலை அடிச்சு முடிய உங்களுக்கு நரைச்சுப் போயிடும் மச்சான். ஒரு வருசம் பொறுங்கோ. நான் ஒரு லர்ச்சர் கொண்டு வாறன்."

"அது என்ன மெசினோ?"

"நாய்!"

அப்போது எனக்கு லர்ச்சர் நாய்களைப் பற்றி எல்லாம் தெரியும். அதாவது மூன்று மாதமாக இரயிலில் பரமட்டாவுக்கு வேலைக்குப் போய்வரும் நேரமெல்லாம் கைப்பேசியில் அதைத்தான் வாசித்தேன். கிரேஹவுண்டையும் வேலை செய்கிற கோலி நாயையும் கலந்தால் வருவது. கிரேஹவுண்ட் வேகத்தைக் கொடுக்கும், ஆனால் அதற்கு மண்டைக்குள் பெரிதாக ஒன்றும் கிடையாது. கோலி மூளையைக் கொடுக்கும், முள்ளைத் தாங்குகிற ரோமத்தைக் கொடுக்கும், கல்லில் ஓடினாலும் வெடிக்காத பாதத்தைக் கொடுக்கும். தனிக் கிரேஹவுண்ட் முயலின் பின்னால் நேராக ஓடும். முயல் திரும்பினால் அது வேலியில் போய் மோதும். கோலிக் கலப்பு, முயல் எங்கே திரும்பப் போகிறது என்று முன்கூட்டியே கணித்து வழியை மறிக்கும். இதையெல்லாம் நான் கந்தோரில் சாப்பாட்டு நேரத்தில் சொல்லிச் சொல்லி, என் மேசைக்குப் பக்கத்தில் இருந்த பெண் வேறு மாடிக்கு மாற்றம் கேட்டுப் போய்விட்டாள்.

கோல்பர்ன் பக்கம் ஒரு கிழவரிடம் குட்டிகள் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். இங்கிலாந்தில் இருந்து வந்தவர், வாழ்நாள் முழுக்க இந்த நாய்களோடேயே இருந்தவர். நானோ சம்பந்தம் பேசப் போகிற மாதிரி வெளிக்கிட்டுப் போனேன். தாய் என்ன செய்கிறா, தகப்பன் என்ன செய்கிறார், பரம்பரையில் இடுப்பு நோய், கண் நோய் இருக்கிறதா, மூத்த பிள்ளைகள் எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று வரிசையாகக் கேட்டேன். கிழவருக்கு என்னை நன்றாகப் பிடித்துவிட்டது. இப்படிக் கேட்பவர்தான் உண்மையான நாய்க்காரர் என்றார். (இதை வதனிக்கு இன்று வரை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.) தாய் கிரேஹவுண்ட், தகப்பன் ஆடு மேய்க்கிற கோலி. இரண்டையும் வயலில் ஓடவிட்டுக் காட்டினார். பிறகு காய்ந்த முயல்தோல் ஒன்றைச் சுருட்டிக் குட்டிகளின் நடுவில் எறிந்தார். ஆறு குட்டிகள் அதைப் பிய்த்துச் சண்டை பிடித்தன. கழுத்தில் வெள்ளை விழுந்த கறுப்புப் பெண்குட்டி மட்டும் சந்தடியில்லாமல் அதைத் தூக்கி வந்து என் சப்பாத்தின் மேல் வைத்துவிட்டு உட்கார்ந்தது.

"அதுதான் குட்டி," என்றார் கிழவர். (அவர் பேசியது ஆங்கிலம், எனக்குப் பிடிபட்டதைச் சொல்கிறேன்.) "மென்மையான வாய். இதன் தகப்பனைப் போல முயலை ஒரு பல் படாமல் உயிரோடு கொண்டுவந்து உன் கையில் தரும்."

இந்த வசனத்தை நான் ஆயிரம் தடவை வாசித்திருக்கிறேன். எல்லா நாய்ப் பண்டிதர்களும் அதையே மெச்சி எழுதியிருந்தார்கள். உயிரோடு, கையில். பிள்ளைக்கு நல்ல பழக்கவழக்கம் என்று சொல்வதைப் போல நானும் தலையாட்டிக் கேட்டேன். கையில் தந்த பிறகு என்ன என்பதை மட்டும் ஒருவரும் எழுதவில்லை. அதைத்தான் நான் மன்னிக்கமாட்டேன்.

கிழவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இதற்கு முன் முயல் கொன்றிருக்கிறாயா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. நான் மண்ணிறம் என்பதால் கேட்கிறாரோ, கண்ணாடி போட்டிருப்பதால் கேட்கிறாரோ என்று இரண்டு பக்கமும் யோசித்து இரண்டு பக்கமும் கோபப்பட்டேன். "எங்கள் ஊரில் இதெல்லாம் சிறு பிள்ளை விளையாட்டு," என்றேன். உண்மையில் நான் கொழும்பில் மாடிவீட்டில் வளர்ந்தவன். நுளம்பை அடித்தாலே கை கழுவப் போகிறவன்.

"அதை வலி தெரியாமல் ஒரு நொடியில் செய்ய ஒரு முறை இருக்கிறது. பத்து நிமிடம் நின்றால் காட்டித் தருகிறேன்."

"எனக்குத் தெரியும்," என்று சொல்லிவிட்டுக் குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

அவளுக்கு மின்னல் என்று பெயர் வைத்தேன். மச்சான் முதல் நாளே "ஜிம்மி" என்று கூப்பிட்டார். யாழ்ப்பாணத்தில் அவர் வீட்டில் இருந்த எல்லா நாய்க்கும் அதுதான் பெயராம், ஆண் பெண் பேதம் கிடையாதாம். நான் எவ்வளவோ திருத்தினேன். பாழாய்ப்போன நாய், மின்னல் என்றால் ஒரு காதை அசைக்கும், ஜிம்மி என்றால் எழும்பி ஓடும்.

அடுத்த பதினான்கு மாதம் எங்கள் குவேக்கர்ஸ் ஹில் வீட்டில் பயிற்சி நடந்தது. ஒரு வயதுக்கு முன் முயலின் பின்னால் ஓடவிடக் கூடாது, எலும்பு முற்ற வேண்டும் என்று கிழவர் சொல்லியிருந்தார். அதுவரை எறிந்ததைக் கொண்டுவந்து கையில் தரப் பழக்க வேண்டும். அதற்கு அவர் தந்த முயல்தோலை வதனி வீட்டுக்குள் எடுக்கவே விடவில்லை. சாமியறை இருக்கிற வீடு என்றாள். கடைசியில் வீடு கூட்டுகிற தும்புத்தடியின் தலையைக் கழற்றிக் காலுறைக்குள் போட்டுக் கட்டினேன். குசினிக்கும் சாமியறைக்கும் இடையில் உள்ள நடைகூடத்தில் தினமும் இருபது தடவை எறிவேன். மின்னல் இருபது தடவையும் கொண்டுவந்து, எதிரே உட்கார்ந்து, நான் கை நீட்டும் வரை வாயில் வைத்திருந்து தருவாள். ஒரு தும்பு உதிராது. இலையான் அடிக்கிற மட்டை, வதனியின் செருப்பு, பக்கத்து வீட்டாரின் தபால், எல்லாம் கைக்கு வந்தன. வின்ட்சர் பக்கம் ஒருவரின் செம்மறிகளுக்கு நடுவில் நடத்திப் பழக்கினேன், ஆட்டை ஏறெடுத்தும் பார்க்கமாட்டாள். இந்தக் கெட்டித்தனத்தைப் படம் பிடித்து மச்சானுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தேன். அதை நம்பித்தான் அவர் வென்ட்வேர்த்வில் கடைக்காரர் ஒருவரிடம், வருகிற தைப்பொங்கலுக்குப் பயற்றங்காய் முழுவதும் நான் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தார். வலை வாங்கவில்லை. கம்பும் கயிறும் கட்டி எட்டுப் பாத்தி போட்டார்.

நவம்பர் மாதம் கன்றுகள் ஒரு சாண் வளர்ந்ததும் முயல்கள் ஒரு பாத்தியை முடித்தன. மச்சான் தொலைபேசியில் சொன்னது மூன்றே வார்த்தை: "ஜிம்மியைக் கொண்டு வாங்கோ."

சனிக்கிழமை விடிய ஐந்தரைக்கு நானும் மச்சானும் பாத்தி ஓரத்தில் நின்றோம். நான் அந்த நாளுக்கென்று பச்சைத் தொப்பி ஒன்று வாங்கியிருந்தேன். முட்பற்றையில் இருந்து ஒரு முயல் வெளியே வந்து, எங்கள் முன்னாலேயே பயற்றங் கன்றைக் கடித்தது. அந்தத் திமிரைப் பார்த்து எனக்கு இரத்தம் கொதித்தது. மின்னலை அவிழ்த்துவிட்டேன்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்படி ஓடினாள். முயல் இடப்பக்கம் வெட்டியது, அவள் ஏற்கனவே அங்கே நின்றாள். வலப்பக்கம் வெட்டியது, அங்கேயும் நின்றாள். குனிந்தாள், தூக்கினாள், திரும்பினாள். நேராக என்னிடம் வந்து, எதிரே உட்கார்ந்து, தலையை உயர்த்திக் காத்திருந்தாள். நான் கை நீட்டினேன். முயலைக் கைக்குள் வைத்தாள்.

முயல் சூடாக இருந்தது. ஒரு காது ஓரத்தில் பழைய கிழிசல். அதன் நெஞ்சு என் உள்ளங்கையில் படபடவென்று அடித்தது. என் நெஞ்சும் கிட்டத்தட்ட அதே வேகத்தில் அடித்தது.

"ம், செய்யுங்கோ," என்றார் மச்சான்.

"என்னத்தை?"

"என்னத்தையோ? செய்யிறதைத்தான்."

"நாய் செய்யுமெண்டு நினைச்சன்."

"நாய் செய்ததைச் செய்திட்டுது. இனி உங்கட வேலை."

"தோட்டம் உங்கட தோட்டம் மச்சான்."

"நாய் உங்கட நாய்."

இப்படி முயலைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு படித்த மனிதர்கள் ஐந்து நிமிடம் வாதாடினோம். (மச்சான் உயர்தரம் வரை, நான் பட்டதாரி.) மின்னல் ஒருவர் முகத்தில் இருந்து மற்றவர் முகத்துக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது.

வதனி அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. வீட்டில் பிள்ளைத்தாச்சி இருந்தால் புருசன்காரன் ஒரு உயிரையும் கொல்லக் கூடாது என்று எங்கள் ஆட்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு. இரண்டு மாதத்துக்கு முன் குளியலறையில் வந்த உள்ளங்கை அகலச் சிலந்தியை நான் செருப்போடு நெருங்கியபோது வதனி அதைச் சொல்லித் தடுத்தாள். நான் விடவில்லை. அறிவியல், மூடநம்பிக்கை, புலம்பெயர்ந்தும் திருந்தாத சமூகம் என்று கதவில் சாய்ந்து நின்று நீண்ட விரிவுரை நடத்தினேன். (அதற்குள் சிலந்தி தானாகப் போய்விட்டது. எனக்கும் அது பெரிய நிம்மதி.) இப்போது ஒரு கையால் முயலை அணைத்துக்கொண்டு மறு கையால் அவளை அழைத்தேன்.

"வதனி, நித்திரையோ?"

"மணி ஆறு. வேறென்ன செய்யிறது?"

"இல்ல, நீர் அண்டைக்கு ஏதோ சொன்னனீர் எல்லோ... வீட்டில பிள்ளைத்தாச்சி இருக்கேக்க உயிரொண்டும் கொல்லக் கூடாதெண்டு."

கட்டில் கிறீச்சிட்டது. எழும்பி உட்கார்ந்திருக்க வேண்டும்.

"அது சிலந்திக்குச் சொன்னனான்."

"முயலுக்கும் பொருந்துமோ?"

"அது மூடநம்பிக்கை எண்டு அரை மணித்தியாலம் வகுப்பெடுத்தனீங்கள். நம்பாத ஆக்களுக்கு அது ஒண்டும் செய்யாது. வடிவாக் கொல்லுங்கோ," என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டாள்.

கட்டின மனைவி! ஒரு சிறு மூடநம்பிக்கையைத் தந்து உதவினால் என்ன குறைந்துவிடும்? எனக்கு வந்த ஆத்திரத்தில் முயலைத் தவிர எல்லாரையும் கொன்றிருப்பேன்.

மச்சானிடம் முயலை நீட்டினேன். அவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். முகம் மாறிப்போயிருந்தது.

"எனக்கு ஏலாது மச்சான். ஊரில சண்டைக்குள்ள கண்டதே காணும். இனி ஒண்டும் என்ர கையில சாக வேண்டாம்."

சத்தமாகச் சொல்லவில்லை. பாத்தியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். போன வருடம் காணிக்காரர் பொறி வைக்கச் சொன்னபோதும் நஞ்சு வைக்கச் சொன்னபோதும் அவர் ஏன் மறுத்தார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. நாய் வந்தால் எல்லாவற்றையும் நாயே பார்த்துக்கொள்ளும், தான் ஒன்றையும் பார்க்க வேண்டியிருக்காது என்று என்னை நம்பியிருந்தார். அந்த மனிதரிடமா முயலை நீட்டினேன் என்று வெட்கமாக இருந்தது. நான் ஓடைப் பக்கம் நடந்து, வேலிக்கு மேலால் குனிந்து, முயலை அப்பால் விட்டேன்.

மின்னல் என்னைப் பார்த்த பார்வையை நான் எந்த அதிகாரியிடமும் வாங்கியதில்லை. பதினான்கு மாதம் படித்து முதல் பரீட்சையில் நூறு எடுத்த பிள்ளையின் விடைத்தாளைக் கிழித்துப் போட்டவனைப் பார்த்த மாதிரிப் பார்த்தாள். பிறகு, இவனுக்கு விளங்கவில்லைப் போலிருக்கிறது என்று நினைத்திருக்க வேண்டும். வேலியைத் தாண்டிப் பாய்ந்தாள். மூன்றாவது நிமிடம் கிழிந்த காது முயல் மறுபடியும் என் கையில் இருந்தது.

இங்கேதான் பெரிய அநியாயம் தொடங்கியது. அவளைப் பிடித்துக் கட்ட வேண்டும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் வாயில் முயல் இருந்தால் மட்டும்தான் என்னிடம் வந்தாள். முயலை வாங்க எனக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. வாங்கி முடிவதற்குள் அடுத்ததைக் கொண்டுவர ஓடிவிடுவாள். நான் வேலிக்குப் போய் விட்டுவிட்டு வருவேன், அதற்குள் அடுத்தது வந்திருக்கும். கணக்குக்கு எட்டு முயல். உண்மையில் மூன்றே மூன்று முயல்கள்தான் மாறி மாறி வந்தன என்று நினைக்கிறேன். கிழிந்த காது மட்டும் நாலு தடவை வந்தது. கடைசித் தடவை அது என் கையில் அமைதியாக இருந்தது, வழி தெரிந்த பயணி மாதிரி.

வேலிக்கு அப்பால் விட்ட முயல், அவள் துரத்தத் துரத்த மறுபடியும் தோட்டத்துக்குள்தான் பாய்ந்தது, அதனால் ஒவ்வொரு ஓட்டமும் பாத்திக்குள்ளால்தான் நடந்தது. முயல் வெட்டித் திரும்பும் இடமெல்லாம் மின்னலும் நாலு காலையும் ஊன்றித் திரும்பினாள். கன்றுகள் வேரோடு கிளம்பின. கம்புகள் சரிந்தன, கயிறு அவள் உடம்பில் சுற்றிப் பாத்தியின் மறு முனை வரை போனது. அவளை மறிக்கிறேன் என்று ஓடி நான் மிதித்ததும் கொஞ்சம் அல்ல. "மின்னல்! மின்னல்!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். பச்சைத் தொப்பி எங்கேயோ விழுந்துவிட்டது.

கடைசியில் மச்சான் வரம்பில் குந்தி, "ஜிம்மி, காணும், வா," என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவள் என்னைத் தாண்டிப் போய், வாயில் இருந்த கிழிந்த காதை அவர் கையில் வைத்துவிட்டு, அவர் காலடியில் படுத்துக்கொண்டாள். மச்சான் முயலைத் தூக்கிக்கொண்டு போய்த் தானே ஓடைக்கு அப்பால் விட்டார். திரும்பி வந்து பாத்திகளைப் பார்த்தார். முயல்கள் ஒரு மாதத்தில் தின்று முடிக்க வேண்டியதை நாங்கள் இரண்டு மணித்தியாலத்தில் முடித்திருந்தோம். ஏழு பாத்தியில் ஒன்று கூட மிஞ்சவில்லை.

ஏதாவது ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் நான் திருப்பி ஏசியிருப்பேன், இருவருக்கும் சுகமாக இருந்திருக்கும்.

"தேத்தண்ணி குடிப்பம்," என்றார்.

பத்து வருடம் காத்திருந்து ஒரு மனிதன் தொடங்கிய தோட்டத்தை, வாசித்த கொழுப்பில் நான் அழித்துவிட்டேன். இதைவிட வேறு விதமாக அதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

ஆனாலும் வீட்டுக்கு வந்ததும் கிழவரை அழைத்துச் சண்டை பிடித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "பிடித்தாளா?" "ஓம்." "உயிரோடா?" "ஓம்." "கையில் தந்தாளா?" "எட்டுத் தடவை." "அப்படியென்றால் உன் முறைப்பாடு என்ன?" பிடித்த பிறகு என்ன செய்வதென்று முன்பே சொல்லியிருக்க வேண்டும் என்றேன். "பத்து நிமிடம் நிற்கச் சொன்னேனே," என்றார்.

அதன் பிறகு நாலு வார இறுதி நான் அந்தக் காணியைச் சுற்றி நீளக் குழியாகக் கிடங்கு வெட்டினேன். முயல் வலையைச் சும்மா நட்டால் போதாது. ஒரு அடி ஆழத்தில் புதைத்து அடியை வெளிப்பக்கம் மடக்க வேண்டும், இல்லாவிட்டால் கிண்டிக்கொண்டு உள்ளே வரும். கை முழுக்கக் கொப்புளம். மச்சான் பக்கத்தில் நின்று "கம்பியை இழுங்கோ", "கிடங்கு காணாது" என்பதற்கு மேல் ஒரு சொல் பேசவில்லை. மின்னல் அவர் நிழலில் படுத்திருந்து நான் வேலை செய்வதை மேற்பார்வை பார்த்தாள். முதல் வார இறுதியே என் காரில் ஏற மறுத்துவிட்டாள். இப்போது அங்கேதான் இருக்கிறாள், ஜிம்மியாக.

பொங்கலுக்குப் பயற்றங்காய் இல்லை. மச்சான் கடைக்காரரிடம் பூசணிக்காயோடு போய் நின்று நடந்ததைச் சொன்னார். கடைக்காரர் பெரிய மனது பண்ணி வாக்கை மன்னித்தார், ஆனால் கதையை மன்னிக்கவில்லை. அடுத்த கிழமை நான் இடியப்ப மா வாங்கப் போனபோது, உள்ளே நின்ற முன்பின் தெரியாத ஒரு அன்ரி கேட்டார்: "இவரோ அந்த முயல் விட்ட மாப்பிள்ளை?" அந்தப் பட்டம் இப்போது மெல்பேர்ண் வரை போய்விட்டது. ஸ்பிரிங்வேலில் ஒரு கலியாண வீட்டில் என்னை அப்படித்தான் அறிமுகப்படுத்தினார்கள். இருபது வருடம் காப்புறுதித் துறையில் உழைத்தவன் நான்!

மார்ச் மாதம் மகள் பிறந்தாள். தாதி அவளைத் துணியில் சுற்றி என் இரண்டு கையிலும் தந்தார். சூடாக இருந்தாள். நான் மூச்சு விடவும் பயந்து, அசையாமல், முழங்கையை மடக்கியபடி நின்றேன். அன்று பின்னேரம் மச்சான் வந்தார். கையில் ஒரு பை நிறையப் பயற்றங்காய். வலைக்குள் போட்ட பாத்தியில் அன்று காலை ஆய்ந்த முதல் காய். பையைத் தங்கச்சியின் கட்டிலில் வைத்துவிட்டு, நான் பிள்ளையோடு நிற்கிற நிலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தங்கச்சி," என்றார், "பிள்ளையைக் கெதியா வாங்கு. இவர் வேலிக்கு அங்கால கொண்டுபோய் விட்டிடுவார்."

வதனி தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், சிரிக்காதே என்று தாதி அதட்டினார். நவம்பருக்குப் பிறகு மச்சான் என்னோடு விட்ட முதல் பகிடி அது. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். கிடங்கு வெட்டியதும் நாலு மாதம் காத்திருந்ததும் அந்த ஒரு பகிடிக்காகத்தான் என்று அப்போது விளங்கியதால், கோபம் வர மறந்துவிட்டது.

பிறகு வந்தது. இன்னும் வந்துகொண்டிருக்கிறது. மகளுக்கு இப்போது நாலு வயது. யார் வீட்டுக் குழந்தையை நான் தூக்கினாலும் அந்த வீட்டில் ஒருவர் உடனே எழும்பிப் போய் வாசல் கதவைச் சாத்துகிறார். போன கிழமை சாத்தியது என் மகள்.